ரோசெட்டாவின் வயது

விட்டோரியோ டி சிகா என்றவுடன் நம் வாசகர்களுக்கு நினைவில் எழுவது 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) தான். திரைப்படச் சங்கங்களிலும் சிற்றிதழ்ப் பக்கங்களிலும் அப்படத்தை விதந்தோதாதார் இலர். அதே டி சிகா, அதே திரைக்கதையாசிரியர் செசாரே சவாத்தினியுடன் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அளித்த 'லா சொச்சாரா' (1960) அந்த அளவுக்கு நம்மிடையே பேசப்பட்டதில்லை. 'டூ விமன்' என்ற ஆங்கிலப் பெயரால் அதனை அறிந்தோரும் சோபியா லாரனின் நடிப்பைப் போற்றி, அதற்காக அவர் பெற்ற விருதுகளைக் குறிப்பிட்டு, அத்துடன் நின்றுவிடுவர். 1961இல் கான் விழாவின் சிறந்த நடிகை விருது, 1962இல் ஆஸ்கர். ஆங்கிலமல்லாத மொழியில் நடித்ததற்காக நடிப்புக்கான ஆஸ்கரைப் பெற்ற முதற் கலைஞர் அவரே. அந்தப் பெருமை அவருக்குரியது. நாம் பேச வந்தது வேறு.

இப்படம் ஆல்பெர்த்தோ மொராவியா 1957இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவலின் திரைவடிவம். இரண்டையும் ஒப்பிட்டு எழுதுவோர் ஒரு வேறுபாட்டை ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். நாவலில் மணப்பருவம் எய்திய இளம்பெண்ணாக வரும் மகள் ரோசெட்டா, படத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுமி. ஒற்றை வரியில் கடந்துவிடக்கூடிய செய்தியன்று இது. அந்த ஐந்தாறு ஆண்டுகளை மகளின் வயதிலிருந்து கழித்ததால், நாவல் வாசகன் முன் வைத்த மிகக் கடினமான கேள்வியே கழிந்துபோயிற்று என்பது நம் கருத்து.

கதையை அறியாதோர் பொருட்டுச் சுருங்கக் கூறுவோம். 1943. ரோம் நகரில் மளிகைக் கடை நடத்தும் விதவை செசிரா. குண்டுவீச்சுக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சி, மகள் ரோசெட்டாவுடன் தான் பிறந்த சொச்சாரியா மலைப்பகுதியை நோக்கிப் புறப்படுகிறாள். மலைமேல் அகதிகளோடு அகதிகளாக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அங்கே மிக்கேலே என்னும் படித்த இளைஞனின் நட்பு வாய்க்கிறது. பாசிசத்தை வெறுப்பவன், பின்வாங்கிச் செல்லும் ஜெர்மானியர் அவனை வழிகாட்டியாக இழுத்துச் சென்று கொன்றுவிடுகின்றனர். போர் முடிந்துவிட்டது, நேச நாட்டுப் படைகள் வந்துவிட்டன, இனி அச்சமில்லை என்று தாயும் மகளும் மலையிறங்குகையில், ஆளற்ற ஊர் ஒன்றின் தேவாலயத்தில், பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த மொராக்கோ வீரர்களின் வன்கொடுமைக்கு ஆளாகின்றனர். விடுவிக்க வந்தோரால் நேர்ந்த கொடுமை அது.

இது கற்பனை நிகழ்வன்று. 1944 மே மாதம் மோந்தே கசினோ வீழ்ந்த நாட்களில், ஜெனரல் அல்போன்ஸ் ழுவான் தலைமையிலிருந்த பிரெஞ்சுப் படைப்பிரிவின் காலனிப் போர்வீரர்கள் எஸ்பேரியா போன்ற மலையூர்களில் பெண்களையும் சிறுவர்களையும் வேட்டையாடினர். பாதிக்கப்பட்டோரின் தொகை குறித்து இன்றளவும் வரலாற்றாசிரியர்களிடையே உடன்பாடு இல்லை. அந்தப் பெண்களுக்கு அப்பகுதியில் ஒரு பெயரே ஏற்பட்டது: 'மரோக்கினாதே'. கொடுமை செய்தவர்களின் நாட்டுப் பெயரிலிருந்து வினைச்சொல் ஒன்றை உண்டாக்கி, அதனைக் கொடுமைக்கு ஆளானவர்களின் மேல் அடையாளமாக ஒட்டிய சொல் அது. 1952இல் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் மரியா மத்தலேனா ரோஸ்ஸி இத்தாலிய நாடாளுமன்றத்தில் அவர்களுக்கான இழப்பீடு பற்றி எழுப்பிய குரல் ஆவணத்தில் உள்ளது. அதன் பின் ஐந்தாண்டுகள் கழித்தே மொராவியாவின் நாவல் வந்தது.

மொராவியா இந்நிலத்தை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். கைது செய்யப்படவிருப்போர் பட்டியலில் தம் பெயர் இருப்பதை அறிந்து, 1943 செப்டம்பரில் மனைவி எல்சா மொராந்தேவுடன் ரோமைவிட்டு நேப்பிள்ஸ் நோக்கிப் புறப்பட்டார். இரயில் மேற்கொண்டு செல்லவில்லை. ஃபோந்தி ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு குடிசையில் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் தங்கினார்கள். நாவலின் நடுப்பகுதியில் வரும் மழை, சேறு, ஆட்டுப்பால் பாலாடைக் கட்டிக்கு நாள்தோறும் ஏறும் விலை எல்லாம் அங்கே கண்டவை. போர் முடிந்த உடனேயே எழுதத் தொடங்கியவர் சில பக்கங்களோடு நிறுத்திவிட்டு, பல ஆண்டுகள் கழித்தே அதனை முடித்தார். இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அதே குடிசையில் இருந்த மொராந்தே 1974இல் வெளியிட்ட 'லா ஸ்தோரியா' நாவலும், போர்க்காலத்து ரோம் நகரில் படைவீரன் ஒருவனால் வன்புணரப்பட்ட பெண்ணின் கதையே. கணவர் தம் நாவலின் பிற்பகுதியில் வைத்த நிகழ்வை மனைவி தம் நாவலின் தொடக்கத்தில் வைத்தார். இவ்விரு நாவல்களையும் சேர்த்து வாசித்து எவரேனும் தமிழில் விரிவாக எழுதினால் நன்று.

நாவலின் கடினம் வன்கொடுமைக் காட்சியில் இல்லை, அதற்குப் பின்வரும் பக்கங்களில் உள்ளது. அதுவரை பக்தியும் அடக்கமும் உடையவளாக, தாய் வாயால் ஏறத்தாழத் தேவதையாகவே வருணிக்கப்பட்ட ரோசெட்டா, அதன்பின் வேறொருத்தியாகிறாள். அழுவதில்லை, பேசுவதில்லை. லாரி ஓட்டும் ஒருவனோடு போகிறாள், பின்னர் இன்னொருவனோடு. தாயின் கண்ணீர் அவளைத் தொடுவதில்லை. தாயும் அவ்வாறே நழுவுகிறாள். தங்களை ஏற்றிச்செல்லும் லாரிக்காரன் வழிப்பறிக்காரர்களால் சுடப்பட்டு இறக்க, அவன் உடலிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்கிறாள் செசிரா. தொடக்கம் முதலே காசின் அருமை அறிந்த கடைக்காரி அவள். போர்க்காலக் கள்ளச்சந்தையில் ஆதாயம் கண்டவள். ஆயினும் பிணத்திடமிருந்து எடுக்கும் கை வேறு கை என்பதை அவளே உணர்கிறாள்.

இப்போது வாசகன் என்ன செய்வான்? கொடுமைக்கு ஆளான இருவர் கண்முன் நிற்கின்றனர். அவர்களுக்காக இரங்க நெஞ்சு விழைகிறது. ஆனால் அவர்களோ இரக்கத்துக்குத் தகுதியானவர்கள் போல நடந்துகொள்ளவில்லை. ஒருத்தி நாணமற்றுத் திரிகிறாள் என்று ஊர் சொல்லும், மற்றொருத்தி திருடி. நாவல் அவர்களை விட்டுக்கொடுக்காமல் இறுதி வரை நம்மை அவர்கள் அருகிலேயே நிறுத்தி வைக்கிறது. துன்புற்றோர் நல்லோராகவும் இருந்தால்தான் நம் கண்ணீர் சுரக்குமோ என்று வாசகனைத் தன்னைத்தானே கேட்கச் செய்கிறது.

டி சிகாவின் படத்தில் இக்கேள்விக்கு இடமில்லை. பன்னிரண்டு வயதுக் குழந்தைக்காக இரங்குவதற்கு எவருக்கும் எவ்வித முயற்சியும் தேவையில்லை. கூரை இடிந்த தேவாலயத்தில் மயக்கம் தெளிந்து மேலே வானத்தை வெறிக்கும் எலெயொனோரா பிரவுனின் முகத்தைக் கண்டு கலங்காதவன் மனிதனே அல்லன். அக்கலக்கம் உடனே வருகிறது, முழுமையாக வருகிறது. தன்னைப் பற்றி எதையும் பார்வையாளன் ஐயுற வேண்டியதில்லை.

வயது மாறிய காரணம் கலைக் கோட்பாடு சார்ந்ததன்று, நடிகர் தேர்வு சார்ந்தது. முதலில் தாயாக அன்னா மன்யானியும் மகளாக சோபியா லாரனும் நடிப்பதென்று திட்டமிடப்பட்டிருந்தது. லாரனுக்குத் தாயாக நடிக்க மன்யானி உடன்படவில்லை. தயாரிப்பாளர் கார்லோ போந்தி லாரனின் கணவர். தாய் வேடம் லாரனுக்கே வந்தது. 1934இல் பிறந்த அவருக்குப் படப்பிடிப்பின்போது வயது இருபத்தைந்துதான். அவரைத் தாயாக்கினால் மகள் சிறுமியாகத்தானே இருக்க முடியும்? படக்குழு தன் வசதிக்காகச் செய்த ஏற்பாடு படத்தின் அறநிலையைத் தீர்மானித்துவிட்டது. திரைக்கலையில் இஃது அரிதன்று. ஆனால் சவாத்தினி போன்ற ஒருவர் இதன் விளைவை அறியாமல் இருந்திருக்க முடியாது. நாவலின் கடைசிப் பகுதியை அவர் பெரிதும் வெட்டிச் சுருக்கியதே அதற்குச் சான்று. லாரிக்காரன் ஒருவன் மட்டும் எஞ்சுகிறான். ஓர் இரவு நடனம். அவன் கொடுத்த பட்டுக் காலுறைகள். பிணத்திடமிருந்து பணம் எடுக்கும் நிகழ்வு இல்லை. காலுறையோடு திரும்பும் மகளைத் தாய் அறைகிறாள். பின் மிக்கேலே இறந்த செய்தியைச் சொல்கிறாள். அதுவரை கல்லாய் இருந்த சிறுமி உடைந்து அழுகிறாள். தாய் மடியில் மகள். கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. இறந்த மகனை மடியில் கிடத்திய அன்னை மரியாவின் சிற்பத்தை நினைவுறுத்தும் தோற்றம்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுவோம். அந்த இறுதிக் காட்சியை எத்தனை முறை கண்டாலும் நெஞ்சு நெகிழவே செய்கிறது. அதற்கு முன், சாலையில் எதிர்ப்படும் நேசப்படை ஜீப்பை நிறுத்தி, தன் மகளுக்கு நேர்ந்ததைக் கத்திச் சொல்லி, அவர்கள் பொருட்படுத்தாமல் போகவும் கல்லெடுத்து எறிந்து சாலையில் சரியும் லாரனின் நடிப்பு, இத்தாலியத் திரையின் மிகச் சிறந்த கணங்களுள் ஒன்று. ஒப்பனையில்லாத அந்தப் புழுதி முகத்தில் நேப்பிள்ஸ் அருகே பொத்சுவோலியில் போரைக் குழந்தையாகக் கண்டு வளர்ந்த ஒருத்தியின் நினைவும் கலந்திருக்கிறது. நாவலில் செசிராவின் சொற்கள் பக்கக்கணக்கில் செய்வதை அவர் உடலால் ஒரு நிமிடத்தில் செய்துவிடுகிறார். நாவலே உயர்ந்தது, படம் தாழ்ந்தது என்று கட்சி கட்டுவது நம் நோக்கமன்று.

மூலத்திலிருந்து விலகுவதையும் நாம் குற்றமாகக் கருதவில்லை. 'பைசைக்கிள் தீவ்ஸ்' படமும் நாவலிலிருந்து பிறந்ததே. லூயிஜி பார்த்தோலினி 1946இல் வெளியிட்ட அந்நூலில் மிதிவண்டியைப் பறிகொடுப்பவன் வேலையற்ற கூலித் தொழிலாளியல்லன். அவன் ஒரு கலைஞன். களவுபோன வண்டியைத் தேடுவதற்கு இன்னொரு வண்டியில் ஏறிச் செல்ல வசதியுள்ளவன். டி சிகாவும் சவாத்தினியும் தலைப்பையும் தேடலையும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டனர். பார்த்தோலினி சினம் கொண்டார். ஆனால் அந்த விலகலால் படத்தின் கேள்வி கூர்மையடைந்தது. மிதிவண்டி இல்லையேல் வேலை இல்லை, வேலை இல்லையேல் சோறு இல்லை என்ற நிலைக்குத் தள்ளப்பட்டவன் இறுதியில் தானே ஒரு வண்டியைத் திருட முனைகிறான். மகன் அதைப் பார்த்துவிடுகிறான். திருடனாகிவிட்ட தந்தையின் கையைச் சிறுவன் பற்றிக்கொள்வதே அப்படத்தின் உச்சம். கறைபட்டவனை விட்டு விலகாதிருத்தல்! 1948இல் அந்தோனியோவுக்கு அளித்த அதனை 1960இல் செசிராவுக்கு அளிக்க அதே இருவர் ஏன் தயங்கினார்கள்? திருட முயன்ற தந்தையை நமக்குக் காட்டியவர்கள் திருடிவிட்ட தாயைக் காட்டவில்லை. அந்தோனியோவாக நடித்தவர் தொழிற்சாலைத் தொழிலாளி. செசிராவாக நடித்தவர் உலகறிந்த நட்சத்திரம் என்பது ஒரு விடை. அது மட்டுமே விடை என்று நமக்குத் தோன்றவில்லை. ஆணின் வீழ்ச்சியைச் சூழ்நிலையின் விளைவாகக் காணப் பழகிய கண், பெண்ணின் வீழ்ச்சி என்று வரும்போது அவள் தூயவளாக இருந்தாளா என்பதை முதலில் பார்க்கிறது.

இங்கே நம் மொழியைப் பற்றியும் ஒரு சொல். 'கற்பழிப்பு' என்றே இக்கொடுமையை நெடுங்காலம் எழுதி வந்தோம். இப்படத்தின் கதைச்சுருக்கத்தைத் தமிழில் சொல்லும்போதும் அச்சொல்லே முந்திக்கொண்டு நாவில் வருகிறது. அழிந்தது கற்பு என்று அச்சொல் தீர்ப்பளித்துவிடுகிறது. உடலும் உறக்கமும் நம்பிக்கையும் சிதைந்த செய்தி அதில் இல்லை. 'வன்புணர்ச்சி' என்ற சொல் பரவலானபின் செய்தவனின் வன்மையேனும் சொல்லுக்குள் வந்தது. டி சிகாவின் படம் பழைய சொல்லின் பக்கமே சாய்ந்து நிற்கிறது என்பேன் என்று ஒரு நண்பர் கூறினார். நாம் அவ்வளவு கடுமையாகச் சொல்லத் துணியோம். எனினும் குழந்தைமையின் இழப்பைப் படம் தன் மையத்தில் வைத்தபோது, இழந்த தூய்மைக்காக அழும் வழி ஒன்றே பார்வையாளனுக்குத் திறந்திருந்தது.

நாவலுக்கு எதிராகவும் ஒரு வலுவான வாதம் உண்டு. வன்கொடுமைக்கு ஆளான பெண் உடனே ஆடவர் பலரை நாடிச் செல்வாள் என்று எழுதுவது ஆண் எழுத்தாளனின் பகற்கனவன்றோ என்று பெண் வாசகர் சிலர் கேட்டதுண்டு. கேட்க வேண்டிய கேள்வியே. மொராவியாவின் பெண் பாத்திரங்களை ஒட்டுமொத்தமாக நோக்கினால் அந்த ஐயம் வலுக்கவும் செய்யும். ஆயினும் இந்நாவலில் ரோசெட்டாவை நாம் நேரே காண்பதில்லை. கதை முழுவதும் செசிராவின் கூற்று. நம் அகப்பாடல்களின் துறைப்பெயரால் சொன்னால் இது நற்றாய் கூற்று. மகள் தன் எல்லைக்கு அப்பால் போய்விட்டதை ஆற்றாது புலம்பும் குரல். மகள் 'கெட்டுப்போய்விட்டாள்' என்பது தாயின் தீர்ப்பு. மகளின் உள்ளத்தில் நிகழ்ந்தது என்ன என்பது அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பழைய ரோசெட்டாவின் தூய்மை உலகம் அறியாமையால் விளைந்தது, அது நிலைத்திருக்கக் கூடியதன்று என்று பிற்பாடு செசிராவே எண்ணிப் பார்க்கும் இடம் உண்டு. தாயின் கண்ணே மெல்ல மாறுகிறது. படத்தில் இந்தக் குரல் இல்லாததால், மகளைத் தாய் காண்பது போலவே நாமும் கண்டுவிடுகிறோம். தாயின் பார்வையை ஐயுறுவதற்கு வழியில்லை.

இரண்டும் சேர்ந்தே தவறவிட்டது ஒன்றுண்டு. அந்த மொராக்கோ வீரர்கள் யார்? அட்லஸ் மலைகளிலிருந்து அவர்களைத் திரட்டி, தமதல்லாத போரில், தாம் அறியாத மலைகளில் முன்வரிசையில் நிறுத்திய பிரெஞ்சு ஆட்சி, ஊர்களில் அவர்கள் செய்ததைக் கண்டும் காணாதிருந்தது ஏன்? திரையில் அவர்கள் முகமற்ற கூட்டம். செய்த கொடுமைக்கு இது சமாதானமாகாது. ஆனால் 'மரோக்கினாதே' என்ற சொல்லில் பிரான்சின் பெயர் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

மொராவியாவின் முடிவுக்கு வருவோம். நாவலின் இடையில், மலைக்குடிசையில் மிக்கேலே விவசாயிகளுக்கு விவிலியத்திலிருந்து லாசரின் கதையைப் படித்துக் காட்டுகிறான். இறந்து நான்கு நாளான பின் உயிர்த்தெழுந்தவன் கதை. கேட்போர் கவனிப்பதில்லை, நீங்கள்தாம் லாசர்கள், எல்லோரும் செத்துக்கிடக்கிறீர்கள் என்ற பொருள்பட அவன் சீறுகிறான். இறுதியில், லாரிக்காரன் கொல்லப்பட்ட பின், ரோம் நோக்கிச் செல்லும் வண்டியில், ரோசெட்டா முன்பு தான் பாடும் பாட்டொன்றைப் பாடத் தொடங்குகிறாள். பாடிக்கொண்டே அழுகிறாள். தாயின் மடியில் தலை சாய்ந்ததால் வந்த அழுகையன்று. தாய் திருடிய பணம் தாயிடமே இருக்கிறது. மகள் செய்தவை செய்தவையாகவே இருக்கின்றன. செசிரா லாசரை நினைத்துக்கொள்கிறாள். பழைய தூய்மைக்குத் திரும்புதல் என்பது அங்கே இல்லை.

படத்திலோ சிறுமி மீண்டும் சிறுமியாகிவிடுகிறாள். தாய் மடி அவளைப் பழைய இடத்துக்கே அழைத்துச் செல்கிறது. 1980களின் இறுதியில் தீனோ ரீசி இதே கதையைத் தொலைக்காட்சிக்காக மீண்டும் எடுத்தபோது, ஐம்பது வயதைக் கடந்த லாரனே மறுபடியும் செசிராவானார். ரோசெட்டாவாக நடித்தவரும் இம்முறை இளம்பெண். அதனை இன்று நினைவுகூர்வோர் அரியர். எல்லோர் நினைவிலும் நிற்பவள் 1960இன் சிறுமியே.

சொச்சாரியாவின் காஸ்த்ரோ தெய் வோல்ஷி என்னும் மலையூரில், 1944இல் துன்புற்ற பெண்களின் நினைவாக 1964இல், அதாவது இப்படம் வெளியாகி நான்காண்டுகளில், ஒரு சிலை நிறுவப்பட்டது. அதன் பெயர் 'மம்மா சொச்சாரா'. மகளைக் காக்கப் போராடும் தாயின் உருவம் அது. இழப்பீட்டு மனுக்களோடு அலுவலகங்களில் நின்றவர்களில் காப்பாற்ற மகள் இல்லாதவர்களும் இருந்தார்கள், மணமானவர்களும் இருந்தார்கள், முதியவர்களும் இருந்தார்கள்.